நுரைக்குப் பின்னால் மறைந்த கைமரம்

பிரிட்டனில் ஒரு வீடு விலைபோகாமல் நிற்பதற்கு இன்று கூரை ஒழுகியிருக்க வேண்டும் என்பதில்லை. பரணில் ஏறிப் பார்க்கும் மதிப்பீட்டாளரின் கண்ணுக்குக் கைமரம் தெரியாமல் போனாலே போதும். ஓட்டின் அடிப்புறத்தில் பாலியூரித்தேன் நுரையைப் பீய்ச்சி அடித்த வீடுகள் அந்நாட்டில் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருப்பதாக 2024-ல் பிபிசி செய்தி வெளியிட்டது. பெரிய கடன் நிறுவனங்களில் கால்வாசி, அத்தகைய வீட்டின் பேரில் கடனே கொடுப்பதில்லை என்றும் அச்செய்தி சொன்னது. நுரை மரத்தை அழுகவைக்கிறது, அதனால்தான் இந்தத் தயக்கம் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதிதான் உண்மை. மறுபாதியைத் தெரிந்துகொள்ள, வீட்டைப் பார்த்துக் கடன் கொடுக்கும் பழக்கம் அங்கே எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கூரை. ஆங்கிலேயர் கட்டிய சாய்கூரை அடிப்படையில் காற்றோட்டத்தை நம்பி நிற்பது. கைமரம், அதன் குறுக்கே ரீப்பர், அதன் மேல் கற்பலகை அல்லது ஓடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓட்டுக்கு அடியில் தார் தோய்ந்த ஃபெல்ட் விரிப்பது பரவலானது. சமையலறையிலும் குளியலறையிலும் எழும் ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்த கூரையின் அடிப்புறத்தைத் தொட்டால் நீர் கோத்துக்கொள்ளும். இறவாரத்து இடைவெளி வழியாக வரும் காற்றுதான் அதை உலர்த்துகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். 1937-ல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் குழு பாலியூரித்தேனைக் கண்டறிந்தபோது இப்படியொரு கூரை யார் நினைவிலும் இருந்திருக்காது. ஆனால் கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் இந்த நுரை பிரிட்டனின் பழைய கூரைகளுக்கு மருந்தாக விற்கப்பட்டது. ஆணி துருப்பிடித்து நழுவும் கற்பலகைகளை நுரையால் ஒட்டிவிட்டால் கூரையைப் பிரித்து மேயும் செலவு மிச்சம் என்பது அந்த விற்பனைப் பேச்சு. குளிரைத் தடுக்கும் என்பது கூடுதல் லாபம். பிற்பாடு அதுவே முதல் லாபமாகப் பேசப்பட்டது. நுரையிலும் இரு வகை உண்டு: திறந்த கண்ணறை நுரை மென்மையானது, நீராவியை ஓரளவு வெளியே விடும், மூடிய கண்ணறை நுரை கெட்டியானது, ஓட்டையும் ரீப்பரையும் ஒரே பாளமாக இறுக்கிவிடும். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று. பின்னால் இருக்கும் மரத்தை இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

இந்தக் குணம்தான் கடன் கொடுப்பவருக்கு உறுத்துகிறது. 1775-ல் பர்மிங்காமில் ஒரு விடுதியில் கூடியவர்கள் தொடங்கிய கெட்லி சங்கத்திலிருந்து, வீட்டுக் கடன் தரும் பிரிட்டனின் கட்டடச் சங்கங்கள் வளர்ந்தன. அடமானம் வாங்கும் வீட்டைத் தகுதியான ஒருவர் பார்த்து எழுதித் தர வேண்டும் என்பது 1962-ஆம் ஆண்டின் கட்டடச் சங்கச் சட்டத்தில் உறுதியானது. ஆனால் மதிப்பீட்டாளரைப் பரணுக்குள் உண்மையாகவே பயத்தோடு ஏற வைத்தது ஒரு வழக்கு: ஸ்மித் எதிர் புஷ். கீழ் அறைகளில் புகைபோக்கியின் அடிச்சுவர் அகற்றப்பட்டிருந்ததை அந்த வழக்கின் மதிப்பீட்டாளர் கவனித்தார். மேலே பரணில் எஞ்சிய செங்கல் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கவில்லை. பின்னர் அது சரிந்து உட்கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறையில் விழுந்தது. மதிப்பீட்டாளரை அமர்த்தியவர் கடன் கொடுப்பவரே என்றாலும், அறிக்கையை நம்பி எளிய வீடு வாங்கியவருக்கும் அவர் பொறுப்பாளி என்று 1989-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன் பிறகு, பார்க்க முடியாத மரத்தை நல்ல மரம் என்று எந்த மதிப்பீட்டாளர் எழுதித் தருவார்? நுரையைக் கண்டதும் அவர் எழுதுவது மரம் கெட்டுவிட்டது என்றல்ல, பார்க்க இயலவில்லை என்று. வங்கி அதை இல்லை என்றே படித்துக்கொள்கிறது.

கண்ணுக்கு எட்டாத குறைக்கு இந்தச் சந்தை இப்படி முகம் சுளிப்பது புதிதல்ல. போருக்குப் பின் அவசரமாக எழுப்பிய முன்வார்ப்புக் கான்கிரீட் வீடுகளில் உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிப்பது 1980களில் தெரிந்தபோது கடன் வறண்டது. உள்ளாட்சியிடமிருந்து அவற்றை வாங்கியவர்களுக்கு உதவ 1984-ல் வீட்டுக் குறைபாடுகள் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கார்ன்வாலில் சுரங்கக் கழிவைக் கலந்து செய்த, ‘மண்டிக்’ எனப்படும் கான்கிரீட் கட்டிகளும் அப்படித்தான். சுவரைத் துளைத்து மாதிரி எடுத்துச் சோதித்து, தரம் பிரிக்கும் முறை ஒன்று வந்த பிறகே அங்கே விற்பனை மூச்சு விட்டது. இரண்டிலும் கடனைத் திரும்பக் கொண்டுவந்தது எல்லாரும் ஏற்கும் ஒரு சோதனை, அல்லது பழுதுபார்த்ததற்கான சான்றிதழ். நுரைக்கு அப்படியொரு ஆய்வு நெறிமுறை 2023-ல்தான் வந்தது. அதற்குள் பல்லாயிரம் பரண்கள் நிரம்பிவிட்டன.

மறுப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் இதே நுரை கூரைகளில் ஏராளமாக அடிக்கப்படுகிறதே, அங்கே வங்கிகள் இப்படி ஓடவில்லையே என்பார்கள். அங்கே கூரை வேறு: கைமரத்தின் மேல் ஒட்டுப்பலகை, அதன் மேல் தார் ஓடு. நுரை பலகையில் ஒட்டுகிறது. மேலோட்டை மாற்றினாலும் கீழே இருப்பது குலைவதில்லை. கற்பலகையோடு நேராக ஒட்டிய நுரைக்கு அந்த வசதி இல்லை. இன்னொரு வாதம் வலுவானது. ஏற்ற கூரையில், ஈரக் கணக்குப் போட்டு, பழகிய ஆள் அடித்த நுரை மரத்தைக் கெடுக்காது. அப்படியிருக்க எல்லா வீட்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். மறுக்கவில்லை. ஆனால் நன்றாக அடித்ததையும் மோசமாக அடித்ததையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதே கடன் கொடுப்பவரின் சிக்கல். கையில் இருக்கும் தரச்சான்று பெரும்பாலும் அந்தப் பொருளுக்கு உரியது, உங்கள் கூரைக்கு உரியதல்ல. 25 ஆண்டு உத்தரவாதமோ, கொடுத்த நிறுவனம் கடையை மூடிவிட்டால் வெறும் காகிதம்.

அரசே மானியம் கொடுத்ததே என்ற கோபத்துக்கு மட்டும் பதில் சொல்வது கடினம். 2020 செப்டம்பரில் தொடங்கிய பசுமை வீட்டு மானியத் திட்டம் வீட்டுக்கு 5,000 பவுண்டு வரையும், வருமானம் குறைந்தவருக்கு 10,000 வரையும் தந்தது. நுரை அடித்தவர்களும் அதில் பயன்பெற்றார்கள். 6 லட்சம் வீடுகளை இலக்காக வைத்த திட்டம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. 50,000 வீடுகளைக்கூட அது எட்டாது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணித்தது. ஒரு கையால் மானியம் கொடுத்த அரசு, அதே கூரையை வங்கி எப்படிப் பார்க்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்தியிருக்க வேண்டும். இந்தப் பிழையைச் சந்தையின் மேல் போட முடியாது.

விற்க நினைக்காதவரையும் இது விடுவதில்லை. பிரிட்டனில் வட்டி விகிதம் பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்கே உறுதி. தவணை முடிந்ததும் மலிவான வட்டி தேடி வேறு வங்கிக்கு மாறுவது வழக்கம். மாறினால் புது மதிப்பீடு, மதிப்பீட்டாளர் நேரில் வந்தால் பரண். பழைய வங்கியிலேயே வேறு திட்டத்துக்கு மாறினால் பொதுவாக யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. ஆகவே நுரை வீட்டுக்காரர் தன் வங்கிக்கே கட்டுப்பட்டவர் ஆகிறார். முதுமையில் வீட்டின் மதிப்பை அடமானம் வைத்துப் பணம் எடுக்க விரும்புவோருக்கு இன்னும் இறுக்கம், ஏனெனில் அந்தக் கடன் கடைசியில் வீட்டை விற்றே அடைபடுவது. நுரையைச் சுரண்டி எடுக்க ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். கெட்டி நுரை வரும்போது ரீப்பரும் கற்பலகையும் சேர்ந்தே வரலாம். அச்சத்தைக் காட்டித் தேவையின்றி நுரையை அகற்றச் சொல்லும் ஆட்களும் கிளம்பியிருக்கிறார்கள். எனவே அகற்றுபவரிடம் போகும் முன், அந்த வேலையில் ஆதாயம் இல்லாத சர்வேயர் ஒருவரின் எழுத்து அறிக்கையை வாங்குங்கள். லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பழைய வரிசை வீடு வாங்கப்போகும் நம்மவர்களும் முன்பணம் கட்டும் முன் பரணைத் திறந்து பார்க்கட்டும். குளிர்தான் கவலை என்றால், உட்கூரையின் மேல் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கனிமக் கம்பளி விரித்தால் போதும். மதிப்பீட்டாளர் வந்தால் கைமரம் அவர் கண்முன்னே இருக்கும்.