தகடூரும் கொரியாவும்

இன்றைய தருமபுரி சங்க காலத்தில் தகடூர் எனப்பட்டது. அதியமான் குடிக்குரிய இவ்வூரின் வீழ்ச்சியைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் குறிக்கின்றது. பெருஞ்சேரல் இரும்பொறை அதிகமானையும் இருபெரு வேந்தரையும் ஒருங்கே வென்று, முரசும் குடையும் கலனும் கைக்கொண்டு, தகடூரை எறிந்தான் என்பது அப்பதிகம் தரும் செய்தி. எட்டாம் பத்தை அரிசில்கிழாரின் பாடற்சிறப்புக்காகவே நாம் பெரிதும் பயின்று வந்துள்ளோம். வரலாற்று நோக்கில் அதன் பதிகத்திலே கருதத்தக்க வேறொன்றும் உண்டு. சேரன் ஒருபுறமும் ஏனை வேந்தர் இருவர் மறுபுறமும் நின்ற அப்போரில், வேந்தர் இழந்தவை அரசச் சின்னங்கள். அவர்தம் நாடுகள் பின்னும் நிலைபெற்றன. அழிந்ததோ இடைநின்ற குறுநில மன்னனின் ஊர்.

பேரரசுகள் மோதுமிடத்து இடைப்பட்ட நிலமே இழப்பின் பெரும்பகுதியைச் சுமக்கின்றது என்னும் இவ்வுண்மைக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த பெருஞ்சான்று கொரியா. அந்நாட்டுப் போரில் நம் நாடு தூது நாடாகவும் காவல் நாடாகவும் நின்றது. அப்பணியின் இயல்பையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கோடு பிறந்த வகை

கொரியர் ஒருமொழியினர், ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகப் பெரும்பாலும் ஓரரசின்கீழ் வாழ்ந்தவர். 1910-இல் ஜப்பான் அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் வீழும் நிலையில், வடக்கே சோவியத்துப் படை நுழைந்துகொண்டிருந்தது. அம்மாதம் 10-ஆம் நாள் இரவு, வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் படையலுவலர் இருவர் நிலப்படம் ஒன்றை முன்வைத்து, அரைமணிப் பொழுதில் 38-ஆம் அகலக்கோட்டை எல்லையாகக் குறித்தனர். சோவியத்து அரசும் அதனை ஏற்றது. கொரியர் எவரும் கேட்கப்படவில்லை. ஜப்பானியப் படையைச் சரணடையச் செய்தற்கு வகுத்த தற்காலிகக் கோடே பின்னர் நாட்டெல்லையாயிற்று.

எனினும், பிளவு முழுவதும் புறத்தார் செயலே எனல் பொருந்தாது. ஜப்பானிய ஆட்சிக் காலத்திலேயே கொரிய விடுதலை இயக்கத்தினர் தேசியவாதிகளென்றும் பொதுவுடைமையரென்றும் பிரிந்து நின்றனர். நிலவுடைமை பற்றிய பூசல் ஊர்தோறும் இருந்தது. புறத்தே வரைந்த கோடு, அகத்தே இருந்த வேற்றுமைகளுக்குத் தனித்தனி அரசும் படையும் அளித்தது என்பதே பொருத்தமாகும்.

1947 நவம்பரில் ஐக்கிய நாடுகள் அவை, கொரியா முழுவதற்கும் தேர்தல் நடத்தக் குழுவொன்றை அமைத்தது. அதற்கு இந்தியாவின் கே. பி. எஸ். மேனன் தலைமை தாங்கினார். வடபகுதியில் நுழையக் குழுவிற்கு இசைவு கிட்டவில்லை. 1948 மே 10-இல் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகஸ்டு 15-இல் தெற்கிலும், செப்டம்பர் 9-இல் வடக்கிலும் தனியரசுகள் தோன்றின. இரண்டும் முழுநாட்டிற்கும் தாமே உரியர் எனக் கூறின.

2. போரும் தூதும்

1950 சூன் 25-இல் வடகொரியப் படை கோட்டைக் கடந்தது. கிம் இல் சுங் பலமுறை வேண்டியபின் ஸ்டாலின் இப்போருக்கு இசைந்தார் என்பதைச் சோவியத்து ஒன்றியம் கலைந்தபின் வெளிப்பட்ட ஆவணங்கள் காட்டுகின்றன. தென்னரசுத் தலைவர் சிங்மன் ரீயும் வடக்கின்மேற் படையெடுக்க விழைந்தவரே. இருவர் வேட்கையும் பேரரசுகளின் இசைவின்றி நிறைவேறக் கூடியதாக இல்லை.

இந்தியா வடக்கின் படையெடுப்பைக் கண்டித்தது. ஆயினும் போர்ப்படை அனுப்ப இசையவில்லை. மருத்துவப் படையொன்றையே அனுப்பிற்று. 60-ஆம் வான்குடை மருத்துவப் பிரிவு என்னும் அதற்குத் தலைவர், ஆற்காட்டைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கிய லெப்டினண்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1950 நவம்பரில் பூசான் துறையை அடைந்த இப்பிரிவினர், 1951 மார்ச்சில் முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் குதித்துப் புண்பட்டோரைப் பேணினர். ரங்கராஜ் மகாவீர சக்கர விருது பெற்றார்.

மருத்துவத்தினும் அரிதாயிருந்தது தூது. அமெரிக்கப் படை கோட்டைக் கடந்து வடக்கே வருமாயின் சீனா போரில் இறங்கும் என்னும் எச்சரிக்கையை, 1950 அக்டோபர் 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், சூ என்லாய் இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை அழைத்துக் கூறினார். தில்லி வழியாக அச்செய்தி வாஷிங்டனை அடைந்தது. பணிக்கர் சீனச் சார்பினர் எனக் கருதி அங்குள்ளோர் அதனைப் புறந்தள்ளினர். அம்மாதமே சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. 1950 சூனுக்கும் 1951 மார்ச்சுக்கும் இடையே சியோல் நகரம் நான்குமுறை கைமாறிற்று.

அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதைப் புறநானூறு பதிந்துள்ளது. அத்தூதின் முடிவை அது கூறவில்லை. எனினும் ஔவையாரின் சொற்குப் பின்னே அவரை விடுத்தவனின் படை நின்றது. பணிக்கர் சுமந்து சென்றதோ பிறரொருவர் சொல். அதன்பின் இந்தியப் படை எதுவும் இல்லை. வலியுடையோர் நடுநிற்போரின் சொல்லை அதன் உண்மை கொண்டு அளவாது, கூறுவோரின் சார்பு கொண்டே அளந்தனர். நடுநிலைத் தூதின் எல்லை இது.

3. கேட்கப்பட்டோர்

1951 சூலையில் தொடங்கிய உடன்பாட்டுப் பேச்சு, போர்க்கைதிகள் பற்றிய வழக்கில் நெடுநாள் தடைப்பட்டது. கைதிகள் அனைவரையும் திருப்பியனுப்புதல் வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. விரும்பாதாரை அனுப்பலாகாது என்பது மறுசாரார் கொள்கை. இவ்விரண்டற்கும் இடையே வி. கே. கிருஷ்ண மேனன் வகுத்த தீர்மானத்தை 1952 டிசம்பர் 3-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றது. 1953 சூலை 27-இல் பான்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. தென்கொரியா அதில் கையொப்பமிடவில்லை.

தாயகம் திரும்ப விரும்பாதாரைக் காக்கும் பொறுப்பு, சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா ஆகிய ஐந்து நாட்டுக் குழுவினது. தலைவர் தளபதி திம்மய்யா; ஏறத்தாழ ஆறாயிரவர் கொண்ட இந்தியக் காவற்படைக்குத் தலைவர் தளபதி தோரட். இந்தியர் தம் மண்ணை மிதிக்கலாகாது என ரீ தடுத்தமையால், அவர்கள் இஞ்சோன் துறைக்கப்பால் நின்ற கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டர் வழியாகவே இடைநிலத்தை அடைந்தனர்.

ஐக்கிய நாட்டுத் தரப்பிலிருந்து ஒப்படைக்கப்பட்டோர் 22,604 பேர். அவருள் சீனர் 14,704, கொரியர் 7,900. மறுதரப்பிலிருந்து வந்தோர் 359 பேர். ஒவ்வொருவரையும் தனியே அமர்த்தி, அவரவர் நாட்டு அலுவலர் விளக்கம் கூறக் கேட்கச் செய்து, அவர் விருப்பத்தை அறிதல் வேண்டும் என்பது ஏற்பாடு. முகாம்களுக்குள் இரு சார்பினரும் அமைத்திருந்த கட்டுக்காவலும் அச்சுறுத்தலும் அவ்வேற்பாட்டை முற்றுப்பெற விடவில்லை. 1954 சனவரியில் எஞ்சியோரை முன்பு வைத்திருந்தாரிடமே இந்தியா ஒப்படைத்தது. குறைபாடு பலவுடையதாயினும், 1945-இல் எவரும் கேளாத வினாவை, அரசை நோக்கியன்றி ஆளை நோக்கிக் கேட்க முயன்ற செயல் இது ஒன்றே.

அவ்வினாவுக்கு எண்பத்தெண்மர் எதிர்பாராத விடை தந்தனர். கொரியர் 76, சீனர் 12 என்னும் அவர்கள் வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா, சீனமும் வேண்டா, தைவானும் வேண்டா என்றனர். காவற்படையுடன் கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறையில் இறங்கித் தில்லி சென்றனர். பின்னர்ப் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் குடிபெயர்ந்தனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர். 1960-இல் வெளிவந்த சோய் இன்-ஹூனின் ‘சதுக்கம்’ என்னும் கொரியப் புதினத்தின் தலைவன் இத்தகைய ஒருவன். நடுநிலை நாட்டிற்கு ஏகும் கப்பலில் இருந்து அவன் கடலில் மறைகின்றான்.

4. முடிபு

1991-இல் இரு கொரியாக்களும் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பாயின. அவ்வாண்டின் இறுதியில், கோட்டை ஏற்ற இருவருள் ஒருவராகிய சோவியத்து ஒன்றியம் கலைந்தது. கோடு கலையவில்லை, அமைதி உடன்படிக்கையும் கையெழுத்தாகவில்லை. பிளவு மொழியையும் தொட்டது. 1446-இல் சேஜோங் மன்னன் வெளியிட்ட எழுத்தே இருபாலார்க்கும் உரியது. ஆயினும் சொல்லாட்சியும் எழுத்துமுறையும் வேறுபட்டன. 2005-இல் இருநாட்டு அறிஞரும் பொது அகராதிப் பணியைத் தொடங்கினர். அரசியற் பூசல் எழுந்தபோதெல்லாம் அப்பணி தடைப்பட்டது. மொழியொருமை ஒரு மக்களை ஒன்றாக்கப் போதியதென்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. கொரியா அதனை மறுக்கின்றது. மூவேந்தரும் குறுநில மன்னரும் ஒருமொழி பேசியே ஒருவரையொருவர் எறிந்த நம் பழவரலாறும் அதனை மறுக்கின்றது.

தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. உதிரிப் பாடல்களே எஞ்சின. வென்றோன் புகழைக் கூறும் பதிகம் நிலைத்தது. கொரியப் போரைப் பேரரசுகளின் பூசலாக மட்டும் எழுதுவார் அத்தகைய பதிகங்களையே எழுதுகின்றனர். இடைநின்ற மக்களின் இழப்பையும், கேட்கப்பட்டபோது அவர் கூறிய விடையையும் சேர்த்தெழுதுவதே வரலாறு எனக் கொள்ளத்தகும். அவ்விடையின் ஒரு பகுதி சென்னைத் துறையில் வந்திறங்கியதாகலின், அதனை ஆராயும் கடப்பாடு நமக்கும் உண்டு.