300 கிராம் காலிப்பர்

ஹைதராபாத் பஞ்சாகுட்டாவில் இன்று நிம்ஸ் என்று எல்லோரும் அழைக்கும் மருத்துவமனை, 1960-களில் நிஜாம் அறக்கட்டளையின் எலும்பு மருத்துவமனையாகத் தொடங்கியது. இளம்பிள்ளை வாதம் ஊர் ஊராகப் பிள்ளைகளின் காலைப் பறித்துக்கொண்டிருந்த காலம். தொடையின் முன்தசை செயலிழந்த பிள்ளைக்கு முழங்கால் நிற்காது. அடி எடுத்து வைத்ததும் மடங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் கையால் தொடையை அழுத்திப் பிடித்து, உடம்பைச் சாய்த்துத்தான் நடக்க வேண்டும். போலியோவைக் கண்ட தலைமுறை அந்த நடையை மறந்திருக்காது.

அதற்குக் கிடைத்த துணை இரும்புக் காலிப்பர். தொடையிலிருந்து பூட்ஸ் வரை இருபுறமும் கம்பி, தோல் வார், முழங்காலில் ஒரு பூட்டு. உட்கார வேண்டுமென்றால் பூட்டைக் கையால் விடுவிக்க வேண்டும். எடை 3 கிலோவுக்கு மேல். வலுவில்லாத காலுக்கு இது இன்னொரு பாரம்.

1982-ல் ஹைதராபாத் டி.ஆர்.டி.எல். ஏவுகணை ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்தார் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். 1989 மே 22-ல் அக்னி ஏவுகணை பறந்தது. அதற்காக உருவான இலகுவான பொருள் ஒன்றை, ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த நிஜாம் மருத்துவமனை எலும்பு மருத்துவர் கையில் எடுத்துப் பார்த்தார். கலாமை அழைத்துப்போய், இரும்பைக் கட்டி இழுத்து நடக்கும் பிள்ளைகளைக் காட்டினார். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் புதிய காலிப்பர் தயாரானது. அதை அணிந்த பிள்ளைகள் துள்ளி நடந்ததையும், பெற்றோர் கண்கலங்கியதையும் தன் வாழ்வின் பேரானந்தங்களில் ஒன்றாகக் கலாம் பல மேடைகளில் சொன்னார்.

எல்லோரும் எடை குறைந்ததைத்தான் பேசுகிறார்கள். அதைவிட அழகானது அதன் சூட்சுமம். ‘ஃப்ளோர் ரியாக்‌ஷன் ஆர்த்தோசிஸ்’ என்ற இந்த வகைக் காலிப்பர் முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது; முட்டியில் பூட்டு கிடையாது. பாதம் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி கணுக்காலை அசையாமல் பிடிக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, காலின் முன்புறம் ஒரு தகடு அணைத்து நிற்கும். பாதம் தரையில் ஊன்றும்போது தரை தரும் எதிர்விசை அந்தத் தகட்டின் வழியாக முழங்காலைப் பின்னால் தள்ளி நிமிர்த்துகிறது. தசை செய்ய வேண்டிய வேலையைத் தரையே செய்கிறது.

ஆனால் எல்லா முழங்காலுக்கும் இது ஆகாது. அளவுக்கு மீறி வளையும் மூட்டுக்காரர்களுக்குச் சிக்கல் நேர் எதிரானது. நின்றாலே முழங்கால் பின்னோக்கி வில்லாக வளையும். பின்புறத் தசைநார்கள் இழுபட்டு வலிக்கும், சிலருக்குச் சில்லு விலகும். இத்தகைய மூட்டு வலியை 1967-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் தனி நோய்க்குறியாக விவரித்தார்கள். 1973-ல் தென்னாப்பிரிக்காவில் பெய்ட்டன் குழு வகுத்த 9 மதிப்பெண் சோதனையில், ஒரு முழங்கால் 10 பாகைக்கு மேல் பின்னால் வளைந்தால் ஒரு மதிப்பெண். கலாமின் காலிப்பரை இவர்களுக்குக் கட்டினால் வளைவு இன்னும் கூடும். அதே சூட்சுமத்தைத் திருப்பிப் போட வேண்டும்: குதிகாலைச் சற்று உயர்த்தினால் கீழ்க்கால் முன்னே சாயும், முழங்கால் பின்னால் போகாது.

இன்று இவர்களுக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சிதான். தொடையின் முன்தசை, பின்தசை, இடுப்புத் தசை மூன்றையும் மெதுவாக வலுவாக்குவார்கள். ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் சேரும். பிரேஸ், டேப் எல்லாம் துணைக்குத்தான். தசைநார் இயல்பிலேயே தளர்ந்திருப்பதால் அறுவைச் சிகிச்சையைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே நல்லது. 2013-ல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்றில், இப்படி வளையும் மூட்டும் முழங்கால் வலியும் உள்ள 7 முதல் 16 வயதுவரையிலான பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் முழங்காலை நேராக நிறுத்திப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் பின்னால் வளையும் எல்லைவரை போனார்கள். எட்டு வாரத்தில் இரு குழுவுக்குமே வலி குறைந்தது.

போலியோவோ, 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவான கடைசி நோயாளியோடு இந்தியாவைவிட்டுப் போனது. கலாமின் காலிப்பரைக் கட்டிய பிள்ளைகள் இன்று நடுவயதை எட்டிவிட்டார்கள்; இத்தனை ஆண்டு பாரம் சுமந்த மூட்டுகளின் வலியோடு அவர்களில் பலர் மறுபடி எலும்பு மருத்துவரிடம் வருகிறார்கள்.