கடல் கடந்து வந்த பெயர்கள்

நம் சங்கத்து வாலிபர் ஒருவர் அண்மையில் தந்தையானார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வேளையில், தாம் 'நெவின்ஸ்' என்று வைக்கப்போவதாக அவர் சொல்ல, வீடு ஒரு கணம் அடங்கிப்போயிற்று. "உதென்ன தம்பி, வேதக்காரப் பேர் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டவர் ஆச்சி. "பிள்ளை அனுட நட்சத்திரம், ஆச்சி. ந, நி, நு, நே எண்டுதானே எழுத்து வருகுது" என்று நட்சத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார் தகப்பன். பெரியவர்கள் சிலர் விடயத்தைச் சங்கத்துக்கே கொண்டுவந்தார்கள். இந்து வாலிபர் சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் தம் மகனுக்கு வெள்ளைக்காரனின் குடும்பப் பெயரைச் சூட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆயின், அதற்கு விடை தேடப் புகுந்தால் இம்மண்ணின் இருநூறு வருடச் சரித்திரத்துக்குள் நுழையவேண்டியிருக்கிறது. நுழைந்தே பார்ப்போம்.

முதலில் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னே நிற்கும். பிள்ளையின் பெயர் பின்னே வரும். மகனுக்கு மகன் பிறந்தால் முன்னே நின்ற பெயர் கழன்றுவிடும். ஒரு பெயர் இரண்டு தலைமுறைக்குமேல் தானாக நீடிப்பதில்லை. அதனை நீடிக்கச் செய்வதற்கு நம் முன்னோர் கண்ட வழி, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது. 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ. ஆகையால் ஆச்சியின் மனக்குறை மதத்தைப் பற்றியது மட்டுமன்று. அந்தப் பிள்ளை மேல் இருக்கவேண்டிய பாட்டனின் பெயர் எங்கே போயிற்று என்பதும் அதில் அடங்கும். மேனாட்டாரின் குடும்பப் பெயரோ வேறு வகை. அது தலைமுறை தலைமுறையாக எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டே போகும். அத்தகைய பெயர் ஒன்று நம் முறைக்குள் வந்து ஒருவரின் முதற்பெயராக அமர்ந்தபோது என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பறங்கியர் 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின் ஞானஸ்நானப் பெயர்கள் இங்கு பெருகின. 1658-இல் வந்த ஒல்லாந்தர் காலத்தில், உத்தியோகம் வேண்டுமாயினும் விவாகம் பதியவேண்டுமாயினும் கோவிற்பற்று இடாப்பில் பெயர் இருக்கவேண்டியதாயிற்று. இடாப்பிலே ஒரு பெயர், வீட்டிலே ஒரு பெயர் என்று வாழப் பழகியது அந்தத் தலைமுறை. அவை பெரும்பாலும் பிலிப்பு, யுவான் போன்ற அர்ச்சியசிட்டவர் பெயர்கள். குடும்பப் பெயர் முதற்பெயராகிய புதுமை அமெரிக்க மிஷனோடு வந்தது.

1816-இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்கள் அமைந்தன. 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. அடுத்த ஆண்டு உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. பிள்ளைகளை விடுதியில் வைத்து உணவும் உடையும் கொடுத்துக் கற்பிப்பதற்குப் பணம் வேண்டும். அப்பணம் அமெரிக்காவில் உள்ள சபைகளிலிருந்தும் பெண்கள் சங்கங்களிலிருந்தும் தனி ஆட்களிடமிருந்தும் வந்தது. ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்டவர் அப்பிள்ளைக்கு ஒரு பெயரையும் தெரிந்தெடுக்கலாம் என்பது ஏற்பாடு. தர்மம் செய்தவர் தம் போதகரின் பெயரையோ, தாம் மதித்த மிஷனரியின் பெயரையோ, காலமான உறவினர் பெயரையோ எழுதி அனுப்பினார். கப்பல் மாதக்கணக்கிற் கடலில் வந்தது. வட்டுக்கோட்டையில் ஒரு கதிரைவேலு 'வைமன்' ஆனான். ஒரு விசுவநாதன் 'கறோல்' ஆனான். ஒரு சதாசிவம் 'ஆனல்ட்' ஆனான். அங்கே குடும்பப் பெயராக இருந்தது இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையின் முதற்பெயராய் அமைந்தது.

இதிலே உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. அதை மூடிமறைக்க நாம் விரும்பவில்லை. சோறும் கல்வியும் கொடுத்துப் பெயரை வாங்கிக்கொள்வது என்ன நீதி? பெயரிட்டவர் அந்தப் பிள்ளையை ஒருநாளும் கண்டதில்லை. பெயரைச் சுமந்த பிள்ளை அவரைக் கண்டதில்லை. பெற்று வளர்த்த தாய் தன் வாயில் நுழையாத ஒரு பெயரால் தன் மகன் அழைக்கப்படுவதைக் கேட்டாள். ஆறுமுக நாவலர் போன்றவர்கள் கொதித்தெழுந்ததற்கு இதுபோன்ற காரணங்கள் பல இருந்தன. மறுபுறத்தில், யாழ்ப்பாணத்து ஏழைப் பிள்ளைக்கு வான சாத்திரமும் கணிதமும் தருக்கமும் சமஸ்கிருதமும் ஒரே கூரையின் கீழே கிடைத்ததும் அந்தச் செமினரியிலேதான். இரண்டையும் ஒருங்கே சொல்லாதவர் அரைச் சரித்திரம் சொல்பவராவார்.

பெயர் இட்டவர்கள் எண்ணியபடிதான் பிள்ளைகள் வளர்ந்தார்களா? சிலர் அப்படியே வளர்ந்தார்கள். 1841-இல் 'உதயதாரகை' பத்திரிகை தோன்றியபோது அதன் முதல் ஆசிரியர்களாய் இருந்தவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர். பெயரை மட்டும் பார்ப்பவர் துரைமார் என்றே நினைப்பர். இருவரும் தமிழர். ஹென்றி மார்ட்டின் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் உருதுவிலும் பாரசீகத்திலும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1812-இல் துருக்கி நாட்டிலே மாண்டவர். சேத் பேசன் அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் நாட்டுப்புறத்திற் போதகராயிருந்து 1820-இல் மறைந்தவர். இவ்விரு பெயர்களும் அருகருகே யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றன் ஆசிரியர் இடத்தில் வந்து நின்றது வேடிக்கைதான்.

ஆனல்ட் சதாசிவம்பிள்ளையும் (1820–1896) அப்பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். ஆயினும் 1886-இல் அவர் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' நானூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிய நூல். அவருள் மிகப் பலர் சைவப் புலவர்கள். கறோல் விசுவநாதபிள்ளை பீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே அந்தக் கணிதத்தைக் கற்க வழி பிறந்தது. வைமன் கதிரைவேற்பிள்ளை நீதிபதி உத்தியோகத்தின் நடுவே சொற்களைச் சேர்த்துச் சேர்த்து ஓர் அகராதியாக்கினார். அவர் மறைவின் பின் அதனை வெளியிட்டது மதுரைத் தமிழ்ச் சங்கம். வைமன் என்பார் அமெரிக்காவில் யாராயிருந்தாரோ, அவர் பெயரைத் தமிழ் அகராதிக்காரர் நினைவில் வைத்திருப்பது இந்த உடுப்பிட்டியாரை முன்னிட்டே.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருவோம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை செமினரியிற் கற்று அங்கேயே ஆசிரியராயும் இருந்தவர். தமிழிலே தருக்கம் பயில்வோர்க்காக 'நியாய இலக்கணம்' எழுதியவர். பால்டிமோர் நகரில் வில்லியம் நெவின்ஸ் என்று பேர்பெற்ற போதகர் ஒருவர் இருந்து 1835-இல் இறந்தார். நம்மவருக்கும் வில்லியம் நெவின்ஸ் என்பதே பெயர். முதுமையில் அவர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் ஆங்கிலப் பாடசாலையை நிறுவினார். அப்பாடசாலை சில ஆண்டுகளிற் கைமாறி வண்ணார்பண்ணைக்குப் பெயர்ந்தது. 1888-இல் தோன்றிய சைவபரிபாலன சபையார் 1890-இல் அதனைப் பொறுப்பேற்று இந்து உயர்பாடசாலையாக நடத்தினர். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி! சைவப் பிள்ளைகள் ஆங்கிலக் கல்விக்காகத் தம் பெயரையும் சமயத்தையும் விடவேண்டியதில்லை என்பதற்காகவே எழுந்த கல்லூரியின் வேர், அமெரிக்கப் பெயர் தாங்கிய ஒருவர் நட்ட நாற்றிலே இருக்கிறது. அம்மட்டோ? 1892-இல் அதிபராகிப் பல்லாண்டு அக்கல்லூரியை வளர்த்தவர் அவர் மகனார் நெவின்ஸ் செல்வத்துரை. தகப்பன் பெயர் மகனுக்கு முன்னே நிற்பதுதானே நம் முறை. அந்த முறைப்படியே பால்டிமோர்ப் போதகரின் குடும்பப் பெயர் இந்துக் கல்லூரி அதிபரின் முன்னே வந்து நின்றது. அதனை அவர் வெட்டி எறியவில்லை. கல்லூரியாரும் எறியச் சொல்லவில்லை. ஆச்சிக்கு இந்த வரலாற்றைச் சொன்னபோது, "அப்ப உது செல்வத்துரையற்ற தேப்பன்ரை பேரோ?" என்று கேட்டு, வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் நம் வாலிபர்.

எல்லாப் பெயரும் இப்படி ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை. சில குடும்பங்களிற் கிறிஸ்தவ சமயம் நிலைத்ததுபோலப் பெயரும் நிலைத்து, உண்மையான குடும்பப் பெயராகவே ஆயிற்று. அளவெட்டியிற் பிறந்த வைத்தியர் வில்லியம் கபிரியேல் றொக்வூட் (1843–1909) பேர்பெற்ற சத்திர வைத்தியர். சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாய் இருந்தவர். கல்லும் மரமுமாகிய அப்பெயரைச் சுமந்துகொண்டு அவர் பேசியது நமக்காக. தெல்லிப்பழையிற் பிறந்த டி. ரி. நைல்ஸ் 1948-இல் ஆம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் கூடியபோது தொடக்கப் பிரசங்கம் செய்தவர். ஹூல் குடும்பத்தாரின் பெயர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயர் எலைஜா ஹூல் என்பாரிடமிருந்து வந்தது.

வாலிபர் சங்கத்தார் மறக்கக்கூடாத இன்னொரு பெயர் ஹண்டி. ஹண்டி பேரின்பநாயகம் 1924-இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் உயிர்நாடி. பின்னர் அதுவே வாலிபர் காங்கிரசாயிற்று. 1927-இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்களே. தாய்மொழிக் கல்வி, சாதி ஒழிப்பு, பூரண சுயராச்சியம் என்று அந்நாளிலேயே முழங்கியவர்கள். சம ஆசனம், சம போசனம் என்று வாயாற் சொன்னதோடு நில்லாமற் செய்தும் காட்டியவர்கள். கிறிஸ்தவராகப் பிறந்த பேரின்பநாயகத்தார் 1949 முதற் பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தார். கொக்குவிற் பெற்றோர் அவர் முதற்பெயரை ஒரு தடையாக எண்ணவில்லை என்பது நம் பெரியவர்கள் கவனிக்கத்தக்கது.

மிஷனரிமார் கொடுத்ததனாலேதான் இவ்வழக்கம் வந்தது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஒருவரும் பணம் கொடாமலே, ஒருவரும் கேளாமலே, சைவ வீடுகளிற் பிறந்த பிள்ளைகளுக்கு நாமாகவே காந்தி என்றும் நேரு என்றும் போஸ் என்றும் பெயர் வைத்தோம். இவை யாவும் குடும்பப் பெயர்களே. காந்தி என்பது குஜராத்தியிற் பலசரக்கு வணிகரைக் குறிப்பது. தம் முன்னோர் அத்தொழிலினர் என்று மகாத்மாவே எழுதியிருக்கிறார். நேரு என்பதோ வாய்க்காலைக் குறிக்கும் 'நகர்' என்ற சொல்லின் வழிவந்தது. அவர்கள் குடும்பம் டில்லியில் ஒரு வாய்க்காற் கரையிலே குடியிருந்தது. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி 1953 மார்ச்சு 1-இற் பிறந்த தம் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயரிட்டார். ருசியத் தலைவர் ஸ்டாலின் மறைந்தது அதே மாதம் 5-ஆம் திகதி. அது குடும்பப் பெயர்கூட அன்று. எஃகு என்னும் பொருளில் அவர் தாமே புனைந்துகொண்டது. லெனின், லிங்கன், கென்னடி என்று இன்றும் பலர் நம்மூர்களிற் சைக்கிளோடித் திரிகிறார்கள். பலசரக்குக் கடையையும் வாய்க்காலையும் பிள்ளைக்குச் சூட்டியபோது முகஞ் சுளிக்காத நாம், தருக்க நூலாசிரியர் ஒருவரின் பெயருக்கு மட்டும் சுளிப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆனாலும் இளந் தந்தையருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒலி புதுமையாயிருக்கிறது என்பதற்காகவும், எண் சாத்திரக் கூட்டுத்தொகை ஒத்துவருகிறது என்பதற்காகவும் அகராதியிலும் இல்லாத, ஆளும் இல்லாத எழுத்துக் கோவைகளைப் பிள்ளைகள் தலையில் வைக்கும் வழக்கம் இப்போது மலிந்துவிட்டது. அந்தப் பிள்ளை வளர்ந்து, "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், சொல்ல ஒரு கதை வேண்டாமா? நெவின்ஸ் என்ற பிள்ளைக்கு அந்தக் கதை உண்டு. அவன் பாட்டன் பெயரும் சேர்த்தே பதியப்பட்டிருக்கிறது என்று அறிகிறோம். அது ஆச்சி போட்ட நிபந்தனை.

பெயர்களின் போக்கு எவ்வளவு விசித்திரமானது என்பதற்குச் சிறுப்பிட்டிக் குடும்பம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) மேலே சொன்ன கறோல் விசுவநாதபிள்ளையுமே 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை சைவராய் நின்று, செல்லரித்த ஏடுகளைத் தேடி, வீரசோழியமும் கலித்தொகையும் தொல்காப்பிய உரைகளும் அச்சேறச் செய்தார். தம் மகனுக்கு அழகசுந்தரம் என்று அழகான தமிழ்ப் பெயரே வைத்தார். மகனோ வளர்ந்து கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். கிங்ஸ்பெரி என்பது அமெரிக்காவிற் செரோக்கி, சொக்டோ என்னும் பழங்குடி மக்களிடையே ஊழியஞ் செய்த ஒரு மிஷனரியின் குடும்பப் பெயர். அப்பெயரோடுதான் அவர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். 1921-இல் அவரும் பிலிப்ஸ் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டனர். அட்டையில் இருப்பவை கிங்ஸ்பெரி, பிலிப்ஸ் என்னும் இரு பெயர்கள். உள்ளே இருப்பவர்கள் சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர்.