கோணல் மரத்தின் நேர்மை

1545 ஜூலை 19 அன்று எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' இங்கிலாந்தின் தென்கரையருகே மூழ்கியது. அதன் உடற்பகுதி 1982இல் மேலே தூக்கப்பட்டது. கடலடிச் சேறு காத்து வைத்திருந்த யூ மர விற்கள் நூற்றுக்கும் மேல். சிலவற்றில் கணுக்கள் செதுக்கப்படாமல் புடைப்பாகவே நிற்கின்றன.

அது கவனக்குறைவன்று. வில்லின் வெளிப்புறம் வெளிறு. அது இழுவிசையைத் தாங்கும். உட்புறம் வைரம், அது அழுத்தத்தைத் தாங்கும். கோணலை நிமிர்த்துவதற்காக வெளிப்புற இழையை அறுத்தால், அறுத்த இடத்திலேயே வில் பிளக்கும். ஆகவே மரம் வளைந்த வழியே உளி செல்கிறது.

பின்னர் நாணேற்றிச் சிறிதே இழுத்துப் பார்ப்பார்கள். விறைப்பான இடத்தைச் சுரண்டுவார்கள். மிகையாக வளையும் இடத்தைத் தொடமாட்டார்கள். சுரண்டிய மரம் திரும்பி வராது. வடிவம் சமமாக வேண்டியதில்லை. சுமையைப் பகிர்வதே சமமாக வேண்டும்.

அதே 1545இல் ரோஜர் ஆஸ்கம் 'டாக்ஸோஃபிலஸ்' என்னும் வில்வித்தை நூலை அதே மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். நூலில் ஆசிரியர் பெயர் இருக்கிறது. விற்களிலோ, நடுப்பகுதியருகே சிறு கீறல் குறிகள் மட்டுமே. கோணலைப் படிக்கத் தெரிந்த கைகளின் கையொப்பம் அவ்வளவுதான்.