பாலவநத்தம் ஜமீன் வம்சாவளி

பாலவநத்தம் ஜமீன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்கு அருகே இருந்தது. அதன் குடும்பம் ராமநாதபுரம் சேதுபதிகளின் கிளை. பிறப்பு வழியையும் சுவீகார வழியையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த வம்சாவளி பிடிபடும்.

1795இல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கினர். 1803இல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்கு ராமநாதபுரம் ஜமீனாக உறுதிசெய்யப்பட்டது. பின்னர் ஜமீன்தாரான ராமசாமி சேதுபதி 1830இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அவர் மனைவி பர்வதவர்த்தினி நாச்சியார் சுவீகாரம் எடுத்த பிள்ளைக்கும் முத்துராமலிங்க சேதுபதி என்றே பெயர். முன்னவர் இறந்தது 1809இல், பின்னவர் 1873இல். இருவரையும் ஒருவராகக் கொண்டால் வம்சாவளி முழுதும் குலைந்துவிடும்.

கணவர் அனுமதி தராத நிலையில் கைம்பெண் எடுத்த சுவீகாரம் செல்லாது என்று சர்க்கார் வழக்காடியது. பங்காளிகள் சம்மதித்தால் திராவிட நாட்டு வழக்கப்படி செல்லும் என்று 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. யார் பங்காளி, யார் சம்மதித்தார் என்பதெல்லாம் விசாரணைக்கு வந்ததால், அவ்வழக்கின் ஆவணங்கள் இவ்வம்சத்துக்கு முதன்மையான சான்றுகள்.

சுவீகாரம் போன முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்த மூத்தவர் பொன்னுசாமித் தேவர். ஆறுமுக நாவலரின் திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்புக்குப் பொருளுதவி செய்தவர் இவர். இவர் மகன்தான் பாலவநத்தம் ஜமீன்தாரான உக்கிரபாண்டியன் என்னும் பாண்டித்துரைத் தேவர் (1867–1911). முத்துராமலிங்கரின் மகன் பாஸ்கர சேதுபதி (1868–1903). பிறப்பு முறையில் இவ்விருவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். சட்ட முறையிலோ பாஸ்கரர் ராமசாமி சேதுபதியின் பேரன். 1901இல் பாண்டித்துரையார் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது பாஸ்கரர் துணைநின்றார். உறவு சட்டத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.

வம்சாவளி தேடுவோர் பழைய மாவட்ட எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் அமைந்தது. அதற்கு முந்தைய பாலவநத்தம் ஆவணங்களை மதுரை மாவட்டக் கோப்புகளிலும், சிவகாசி, சாத்தூர் பகுதி ஜமீன்களின் ஆவணங்களைத் திருநெல்வேலிக் கோப்புகளிலும் பார்க்க வேண்டும். விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். ஜமீன் முறையோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிந்துவிட்டது.