வெள்ளையடித்த சுவர்

சித்திரமென்றால் செல்வர் மாளிகைக்கும் கோயில் மண்டபத்துக்கும் உரியதென்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். தெருவிற் போவோர் யாவரும் காசின்றிக் காணுமாறு ஊர்ச்சுவரில் தீட்டுவதைப் பெருங்கலையாக வளர்த்தவர் மெக்ஸிகோ நாட்டார். 1910-இல் மூண்ட புரட்சி ஓய்ந்தபின், 1920-களில், அந்நாட்டரசு பொதுக்கட்டடச் சுவர்களை ஓவியரிடம் ஒப்புவித்தது. எழுத்தறியா உழவனும் தன் வரலாற்றைக் கண்ணாற் கற்கவேண்டுமென்பது கருத்து.

அவ்வோவியருள் ஒருவராகிய டேவிட் அல்ஃபாரோ ஸிகைரோஸ் 1932-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தங்கியிருந்தார். அங்கே ஒல்வேரா என்னும் பழைய தெருவை மெக்ஸிகோச் சந்தைபோலப் புதுக்கிப் பிரயாணிகளைக் கவர்ந்து வந்தனர். அத்தெருக் கட்டடமொன்றின் மாடிச்சுவரில், ஏறக்குறைய 80 அடி நீளமும் 18 அடி உயரமுமான இடத்தில், 'வெப்பமண்டல அமெரிக்கா' என்னும் பொருளில் ஒரு சித்திரம் வேண்டினர். அவர்கள் எதிர்பார்த்தவை கனி குலுங்கும் மரங்களும், கிளிகளும், கவலையறியா மக்களுமாம். வெயில் நாட்டைப் பற்றிக் குளிர் நாட்டார் காணும் கனவு அது! விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம்மவர்க்கு அதன் பொய்ம்மையை விளக்கவேண்டுவதில்லை.

ஸிகைரோஸ் நடு உருவத்தைக் கடைசி இரவில் தனியே நின்று தீட்டினார் என்பர். அக்டோபர் 9-ஆம் நாள் திறப்பு விழாவுக்கு வந்தோர் திகைத்தனர். இரட்டைச் சிலுவையிற் கட்டுண்டு தொங்குகிறான் அம்மண்ணின் பூர்வகுடி மகன். அவன் தலைக்குமேல் அமெரிக்கக் கழுகு. பின்னே பழங்கோயிலொன்று. வலப்புறக் கூரையில் குடியானவர் இருவர் துப்பாக்கியுடன் கழுகைக் குறிபார்க்கின்றனர்.

காலமோ பொருளாதார மந்தக் காலம். முந்திய ஆண்டு பிப்ரவரியில்தான், அத்தெருவையடுத்த பூங்காவில் ஏறக்குறைய 400 பேரை அதிகாரிகள் வளைத்துச் சோதித்தனர். மெக்ஸிகோத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாகத் திருப்பியனுப்பப்பட்டனர். அதே மந்தத்தில், ரப்பர் விலை சரிந்ததும், மலாயாவிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் கப்பலேற்றப்பட்டதை யார் மறப்பார்? ஆள் வேண்டியபோது இனிமையாய் அழைத்தவரே கணக்கை முடித்தனர்.

தெருவிலிருந்து தெரிந்த பகுதி சில மாதங்களிலும், பின் சில ஆண்டுகளில் முழுச்சுவரும் வெள்ளையடிக்கப்பட்டன. ஓவியரும் தங்க அனுமதி நீடிக்கப்பெறாமல் வெளியேறினார். ஆயினும் பூச்சு வெயிலில் உரிந்து, 1960-களின் இறுதியில் உருவம் மங்கலாய் வெளிப்பட்டது. அந்நகரின் மெக்ஸிகோ வமிசத்து இளைஞர் தம் பேட்டைச் சுவர்களிலே தீட்டத் தொடங்கிய காலமும் அதுவே. இச்சுவரைத் தம் பாட்டன் சொத்தெனக் கொண்டாடினர்.

கெட்டி நிலையமும் நகராட்சியும் அதனைச் செப்பனிட்டு, சரியாக 80 ஆண்டு கழித்து, 2012 அக்டோபர் 9-இல் மீண்டும் திறந்தன. புதுவண்ணம் பூசாமல் எஞ்சியதை மட்டுமே காத்தனர். அது செவ்விய முடிவென்போம். பழைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையே ஆதலின், ஸிகைரோஸ் இட்ட நிறங்கள் இன்னவென்று துணிந்து பூச எவர்க்கும் உரிமையில்லை.