கீர்த்தனைக்காக ஒரு சண்டை

எங்க சூலூர், கோவைப் பக்கத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கீர்த்தனை பாடுவது சகஜம். பல்லவி, சரணம் எல்லாம் அப்படியே கர்நாடக சங்கீத அமைப்பு. ஆனா ஒரு காலத்தில் இதைத் தடுக்கப் பார்த்தவர்கள் மிஷனரிகளேதான்.

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். குறவஞ்சி வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். ஷ்வார்ட்ஸ் லூத்தரன் மரபுக்காரர். சபையார் தங்கள் மொழியில் தாங்களே பாடணும் என்பது அந்த மரபு. பாட்டு துதி மட்டுமில்லை, போதனையும்கூட. எழுத்து தெரியாதவருக்கு மனப்பாடமான பாட்டுதான் வேதப் புத்தகம்.

1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்கினார்கள். சாஸ்திரியார் கண்டித்து எழுதினார். அந்தச் சண்டையில் மிஷன் வேலை போனது; சரபோஜி மன்னர் ஆதரித்தார்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. அவருடைய குறைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: சாதி பார்க்காமல் சபையாரைக் கலக்கச் சொல்கிறார்கள் என்பது. அதில் மிஷனரிகள் பக்கம்தான் நியாயம். பாட்டு விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம்.

1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். சாஸ்திரியார் பாட்டுகள் அதில் ஏராளம். பாட்டு ஜெயிச்சிடுச்சு, சுமார் முப்பது வருஷத்திலேயே. மற்ற வழக்கு முடியவில்லை. ஒரே கீர்த்தனையைப் பாடுகிறவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. குரல்கள் சேர்வதற்குப் பாட்டு போதும்; மனுஷங்க சேர்வதற்கு அது மட்டும் போதாது.